பத்தாவது ஆள்

எங்கள் கட்டடத்தின் ஆறாம் மாடியில் ஒரு யூத எழுத்தாளர் இருக்கிறார். எழுபது தாண்டியும் பதாகை தூக்கிக்கொண்டு ஊர்வலம் போகிற மனிதர். போலந்திலிருந்து கப்பலேறி வந்த தாயும் தகப்பனும் இந்த நகரத்து ஸ்பெடைனா தெருவில் கோட்டுத் தைத்து அவரைப் படிக்கவைத்தார்கள். அவரோ பாலஸ்தீனர்களுக்காக எழுதப்போய், சொந்தச் சனத்திடம் துரோகி என்று பெயர் வாங்கினார். கூடப் பிறந்த தம்பியே பேச்சை நிறுத்திவிட்டார். அந்தப் பெயரை நானும் எழுதித்தான் என் சனத்திடம் வாங்கியிருக்கிறேன். எங்கள் சிநேகிதம் அப்படித்தான் லிஃப்டுக்குள் தொடங்கியது.

போன பனிக்காலத்தில் அவருடைய தாய் தவறினார். சாப்பாட்டுப் பெட்டியைக் கையில் தந்தபோது மனைவி என் முகத்தைப் பார்த்தாள். "செத்த வீடப்பா. அங்க போய் நின்று கேள்வி கேக்காதேங்கோ."

கேட்காமல் இருக்க முடியுமா? கண்ணாடிகளைத் துணியால் மூடியிருந்தார்கள். அவர் தரையோடு ஒட்டிய ஒரு சின்ன ஸ்டூலில் இருந்தார். ஏனென்று கேட்டேன். துக்கத்தில் முகம் பார்ப்பதில்லையாம், உயர இருப்பதுமில்லையாம். அவருக்குக் கடவுள் நம்பிக்கை துளியும் கிடையாது. ஆனால் சாகும்போது தாய் கேட்டது ஒன்றுதான்: செத்தவர்களுக்காகப் பிள்ளைகள் சொல்கிற செபத்தைத் தன் பெயரில் சொல்லவேண்டும். அதைச் சொல்ல, தாயின் பழைய முறைப்படி, யூத ஆண்கள் பத்துப் பேர் கூடவேண்டும். குறைந்தால் வாயே திறக்கக்கூடாது.

துக்கம் காக்கிற ஏழு நாட்களில் அதுதான் கடைசிப் பின்னேரம். இதுவரை ஒரு நாளும் பத்துப் பேர் சேரவில்லை. தம்பி நகரத்தின் வடக்கே தன் வீட்டில் தனியாகத் துக்கம் காத்தார். அங்கே வந்த சனத்துக்கு நிற்க இடமில்லையாம். இங்கே ஊர்வலத் தோழர்களோடு எழுத்தாளரையும் சேர்த்து யூத ஆண்கள் ஒன்பது பேர்தான்.

நான் பத்தாவதாக நிற்கட்டுமா என்று கேட்டேன். அன்றைக்கு முதல் தடவையாக அவர் சிரித்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தார். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. தொப்பி போட்ட ஒரு கிழவர் குசினிக்குள் போய் யாருடனோ ஃபோனில் நெடுநேரம் மன்றாடினார்.

கடைசியில் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவரின் சட்டைக் கழுத்தும் எழுத்தாளருடையதைப் போலவே கிழிந்திருந்தது. தாய்க்காகப் பிள்ளைகள் கிழிப்பது அது. தம்பி! துக்கம் காக்கிறவர் வீட்டைவிட்டு வெளிக்கிடவே கூடாதாம் என்று பக்கத்திலிருந்தவர் என் காதுக்குள் சொன்னார்.

தம்பி அண்ணனின் முகத்தைப் பார்க்கவில்லை. ஆங்கிலத்தில்தான் பேசினார். எனக்குள் அது எங்கள் தமிழாகவே விழுந்தது.

"நீ எழுதின ஒரு வரியும் எனக்குப் பிடிக்காது. சொல்லு, அம்மா பாத்துக்கொண்டிருக்கிறா."

இரண்டு பேரும் சேர்ந்து தொடங்கினார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது. என் அண்ணை பக்கத்து ஊரான பிக்கரிங்கில்தான் இருக்கிறார். எங்கள் அம்மாவின் செத்த வீட்டில் அவர் நான் நின்ற பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை.