ஐஸ்காரன் வீட்டு வெந்நீர்

நொச்சிக்குப்பத்தில் கோதண்டபாணி என்று கேட்டால் நாலு பேரைக் காட்டுவார்கள். ஐஸ் கோதண்டம் என்று கேட்டால்தான் சரியான ஆளிடம் கொண்டுபோய் விடுவார்கள். குப்பத்தை ஒட்டியிருக்கும் ஐஸ் பேக்டரியில் இருபத்தாறு வருடமாக மெஷின் ஓட்டுகிறவன். பிறந்தது மீனவக் குடும்பம்தான். ஆனால் படகில் ஏறினால் கரை மறைவதற்குள் வயிற்றில் இருப்பதெல்லாம் வெளியே வந்துவிடும். கடலுக்குப் போகாதவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று அவன் அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். பாஞ்சாலி வீட்டில் கொடுத்தார்கள். தினமும் உயிரோடு வீடு திரும்புகிற மாப்பிள்ளை வேறு எங்கே கிடைப்பான் என்பது அவர்கள் கணக்கு.

பாஞ்சாலி ரோட்டோரத்தில் மீன் விற்கிறவள். வாய் ஜாஸ்தி, கை அதைவிட ஜாஸ்தி. புருஷன் புளுகினால் விரலை மடக்கி உச்சந்தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைப்பாள். கோதண்டபாணி புளுகாத நாள் கிடையாது, ஆகையால் குட்டு வாங்காத நாளும் கிடையாது. ஆறு வருடத்துக்கு முன்னால் அந்தக் குட்டு நின்றுபோனது. அவன் திருந்திவிட்டான் என்று நினைத்துவிடாதீர்கள். பாஞ்சாலிக்கு விரல் மடங்கவில்லை.

விடிவதற்கு முன்பிருந்து மத்தியானம் வரை ஐஸுக்குள் கையை விட்டு மீனைப் புரட்டிப் புரட்டி, விரல் கணுவெல்லாம் வீங்கி விறைத்துப் போயிருந்தன. டீ கிளாஸை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத்தான் தூக்குவாள். ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்து, தினமும் இரண்டு வேளை வெந்நீரில் கையை ஊறவைக்கச் சொன்னார்கள். காஸ் அடுப்பில் வைத்தால் சிலிண்டர் பாதி மாதத்தில் கையை விரித்துவிடும். உடைந்த மீன்பெட்டிப் பலகையை எரித்தால் மாடி முழுக்கப் புகை. வாரத்துக்கு ஒரு நாள் ஊறினால் பெரிய விஷயம்.

அவள் கையைக் கெடுத்தது தான் செய்கிற ஐஸ் என்பது கோதண்டபாணிக்கு உள்ளுக்குள் குத்திக்கொண்டே இருந்தது. ஊரையே சிரிக்க வைக்கிறவன் இதை மட்டும் ஒருத்தரிடமும் சொன்னதில்லை.

போன வருடம் சாந்தோமிலிருந்து ஆலிஸ் டீச்சர் வந்தார். பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துகிறவர். பேக்டரியைப் பார்க்கப் பத்து மாணவிகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். கோதண்டபாணிக்குக் கூட்டம் கிடைத்தால் போதாதா! கம்ப்ரஸரிலிருந்து வெளியே போகும் இரும்புக் குழாயைக் காட்டி, தொட்டால் கை பொரிந்துவிடும் என்று எச்சரித்தான். ஐஸ் செய்யும் இடத்தில் எப்படி இவ்வளவு சூடு என்று ஒரு மாணவி கேட்டாள்.

"ஐஸ்ஸு செய்றதுன்னா இன்னாம்மா? தண்ணிகிட்ட கீற சூட்டப் புடுங்கி வெளில கொட்றதுதான். புடுங்குன சூடுதான் இந்தக் கொழாயில போய்க்கினு கீது."

கொட்டிய சூடு எங்கே போகிறது என்று ஆலிஸ் டீச்சர் கேட்டார். வானத்துக்கு என்று கையைக் காட்டினான். டீச்சர் அதற்கப்புறம் பாடத்தை விட்டுவிட்டார். குளிர் தேசத்து நகரங்களில் தெருத் தெருவாக வெந்நீர்க் குழாய் ஓடுவதையும், முன்பு அதற்கு நிலக்கரி எரித்தவர்கள் இப்போது பக்கத்துத் தொழிற்சாலைகளில் வீணாகும் சூட்டையே பிடித்து அனுப்புவதையும் போனில் படம் படமாகக் காட்டினார். கோதண்டபாணி கேட்டுக்கொண்டே இருந்தான். ஊருக்கே ஒரே வெந்நீர் அண்டா! அவன் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது என்னவோ இரண்டு வீங்கிய கைகள்தான்.

பேக்டரிச் சூட்டைப் பிடித்து வீட்டுக்கு வெந்நீர் விடலாம் என்று அவன் சொன்னபோது, மெட்ராஸில் வெந்நீர் எவனுக்கு வேண்டும் என்று முதலில் எல்லோரும் சிரித்தார்கள். மீன் கவிச்சியும் பிசுக்கும் பச்சைத் தண்ணீரில் போகாது என்று பெண்கள் சொன்னதும் சிரிப்பு நின்றது. பிள்ளை பெற்றவளுக்கு வேண்டாமா, முட்டி வலிக்காரர்களுக்கு வேண்டாமா என்று பட்டியல் நீண்டது. பேக்டரி முதலாளி ஹாஜிரா பீ மட்டும் யோசித்தார். புருஷன் போன பிறகு தனியாக நின்று தொழில் நடத்துகிறவர், லேசில் தலையாட்ட மாட்டார். கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார். திறப்பு நாளில் எல்லார் எதிரிலும், கோதண்டபாணி குடியிருக்கும் மூன்றாவது பிளாக்கின் நாலு மாடியிலும் வெந்நீர் வரவேண்டும். வராவிட்டால் சாயங்காலமே குழாயைக் கழற்றிவிட வேண்டும்.

மீன்பிடித் தடைக்காலத்தில் மெஷின் சும்மா கிடந்தபோது, அமோனியா வேலை தெரிந்த மெக்கானிக்குகள் வந்து சூடு பிடிக்கும் பெட்டியைப் பொருத்தினார்கள். பேக்டரி மாடியில் ஆயிரம் லிட்டர் டேங்க் ஏறியது. அங்கிருந்து சந்தின் குறுக்கே, சூடு ஆறாதபடி பஞ்சு சுற்றிய குழாய் பிளாக்குக்குப் போனது. தண்ணீரை மேலே தள்ள ஒரு மோட்டார், மாடிக்கு ஒரு பித்தளைக் குழாய்.

திறப்புக்கு நாள் குறிக்கக் குப்பமே கூடியது. ஆடி மாதம், மூன்றாவது ஞாயிறு, அம்மனுக்குக் கூழ் வார்க்கும் நாள். அன்றைக்கு ஒரு படகும் கடலுக்குப் போகாது, அத்தனை பேரும் வீட்டில் இருப்பார்கள். இதைவிட நல்ல நாள் உண்டா? ஒருத்தரும் மறுக்கவில்லை. கோதண்டபாணிதான் எல்லாரையும்விடச் சத்தமாகத் தலையாட்டினான். சனிக்கிழமை முழுக்க லீவு போட்டு, புது வேட்டி வாங்கி, பேச வேண்டியதைப் பாஞ்சாலியிடம் பேசிக் காட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு விழித்தவனுக்கு என்னவோ குறைந்த மாதிரி இருந்தது. காதைத் தீட்டினான். மெஷின் சத்தம் இல்லை.

அப்போதுதான் உறைத்தது. படகு போகாவிட்டால் ஐஸ் வாங்க ஆள் வராது. ஆள் வராவிட்டால் தண்ணீர் ஊற்றிய அச்செல்லாம் ஐஸாகி அப்படியே நிற்கும். சனிக்கிழமை டியூட்டி பார்த்த பிரபு, அதுதான் முறை என்று ராத்திரியே மெஷினை நிறுத்தியிருந்தான். ஐஸ் செய்யாத மெஷினில் சூடு ஏது? ஊர் கூடித் தேடித் தேடிப் பொறுக்கியெடுத்த நாள், வெந்நீர் வராத நாள்!

பரவாயில்லை, டேங்கில் நேற்றைய வெந்நீர் இருக்கும் என்று மாடிக்கு ஓடினான். தொட்டுப் பார்த்தான். ஜில்லென்று இருந்தது. குழாய் சரியாக இருக்கிறதா பார்ப்போம் என்று விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு வீடு திறந்திருக்கிறது. அதைப் பார்த்து அடுத்த வீடு. அப்புறம் பிளாக் முழுக்க எண்ணெய் தேய்த்துக் குளித்து முழுகிவிட்டது. குளியல் என்றால் ஊரைவிட்டு ஓடுகிற முருகையன்கூட இரண்டு தடவை குளித்திருந்தான். தொடாதவள் பாஞ்சாலி ஒருத்திதான். திறப்பு முடிந்துதான் கை நனைப்பேன் என்று வைராக்கியமாக இருந்தாள்.

கோதண்டபாணிக்கு வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. ஆலிஸ் டீச்சருக்குப் போன் போட்டான். நாற்பது பார் ஐஸை வெளியே எடுத்து அச்சில் புதுத் தண்ணீர் ஊற்றி ஓட்டினால், இரண்டு மணி நேரத்தில் டேங்க் சூடாகிவிடும் என்றார் டீச்சர். திறப்பு பதினோரு மணிக்கு. நேரம் இருந்தது, ஹாஜிரா பீதான் மசியவில்லை. உருக்கி ஓடவிடுவதற்காக ஐஸ் எடுக்க விடமாட்டேன், ஐஸ் வேண்டும் என்கிற ஆளைக் காட்டிவிட்டு மெஷினை ஓட்டு என்று சொல்லிவிட்டார்.

கூழ் நாளில் ஐஸ் யாருக்கு வேண்டும்? அம்மன் கோயில் வாசலில் வந்து பொத்தென்று உட்கார்ந்தான் கோதண்டபாணி. எதிரே பாஞ்சாலி கூழ் அண்டாக்களைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள். நடந்ததை எல்லாம் புளுகு கலக்காமல் சொன்னான். அவள் திட்டவில்லை. ஆறு அண்டாவிலும் கூழ் தளதளவென்று கொதித்து, இப்போதுதான் இறக்கியிருந்தார்கள். வருடா வருடம் அது ஆறுவதற்குள் விசிறி விசிறித் தோள் கழன்றுவிடும், பாதிப் பேருக்கு நாக்கு வெந்துவிடும்.

"யோவ்," என்றாள் பாஞ்சாலி. "ஆத்தாளுக்கு ஐஸ் வேணுமாம்னு போய் சொல்லு."

ஆத்தா கேட்டதை ஹாஜிரா பீ எப்படி மறுப்பார்? சிரித்துவிட்டார். இது என் காணிக்கையாக இருக்கட்டும் என்று சாவியைக் கொடுத்தார்.

எட்டரைக்கு மெஷின் உறுமியது. பம்பைக்காரர்கள் முன்னால் அடித்துக்கொண்டு போக, நாற்பது பார் ஐஸ் சாமி ஊர்வலம் மாதிரி சந்துக்குள் வந்தது. மீன் தொட்டிகளைக் கழுவி, ஐஸை உடைத்துப் போட்டு, அண்டாக்களை நடுவில் இறக்கினார்கள். மோர்ப் பானைகளைச் சுற்றி ஐஸ். வாயில் போடாதீர்கள், மீன் ஐஸ் என்று கோதண்டபாணி தொண்டை கிழியக் கத்திக்கொண்டே ஓடினான். மிஞ்சிய பார்களின் மேல் துண்டைப் போட்டுப் பம்பைக்காரர்களே உட்கார்ந்துவிட்டார்கள். தெருநாய்களுக்கு அன்றைக்குப் போல ஒரு ஞாயிறு வாய்த்ததில்லை. வேண்டாம் என்று அவன் தடுத்தும் கேட்காமல் பாஞ்சாலி பார்களை இழுத்துப் போட்டாள். வேலை முடிந்தபோது அவள் விரல்கள் நீலம் பாரித்து நீட்டியபடி நின்றன.

பதினோரு மணிக்குப் பிளாக் வாசலில் நிற்க இடமில்லை. குழாயைத் திறக்க வேண்டியவர் ஹாஜிரா பீ. துணைக்கு வா என்று பாஞ்சாலியின் கையைப் பிடித்தவர், சட்டென்று நின்றார். அந்தக் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துப் பார்த்தார்.

"நீயே தொறம்மா," என்றார்.

பாஞ்சாலி மணிக்கட்டால் தள்ளித் திறந்தாள். அடியில் வாளி இருந்தது. பச்சைத் தண்ணீர் விழுந்தது. இன்னும் விழுந்தது. பம்பை நின்றது. கோதண்டபாணி வாளிக்குள் விரலை விட்டுப் பார்த்தான். குழாயில் தங்கிய தண்ணீர் முதலில் போகட்டும் என்று திறப்புக்கு வந்திருந்த ஆலிஸ் டீச்சர் மெதுவாகச் சொன்னது அவனுக்கு எட்டவில்லை. பயத்தில் வாய் அதன் பாட்டுக்குப் புளுக ஆரம்பித்தது.

"வரும், வரும். அந்தக் குளுரு ஊர்லகூட மொதல்ல இப்டித்தான் வரும். நானே நேர்ல பாத்துகீறேன்."

வாளியிலிருந்து ஆவி எழும்பியது. நாலாவது மாடியிலிருந்து வந்துவிட்டது, வந்துவிட்டது என்று சத்தம் கேட்டது. பம்பை வெறி பிடித்து அடித்தது. பாஞ்சாலி சுற்றியிருந்த யாரையும் பார்க்கவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து இரண்டு கையையும் வாளிக்குள் விட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். வெகுநேரம் அப்படியே இருந்தாள். தண்ணீருக்குள் சுண்டுவிரல் அசைந்தது. அப்புறம் மற்றவை ஒவ்வொன்றாக, தயங்கித் தயங்கி, உள்ளங்கையைத் தொட்டன.

"யோவ், கிட்ட வா," என்றாள்.

அவன் குனிந்தான்.

"எந்த ஊர நேர்ல பாத்த நீ?"

நறுக்கென்று உச்சந்தலையில் விழுந்தது. ஈரமும் சூடுமாக, ஆறு வருடம் கழித்து, அதே இடத்தில். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கோதண்டபாணிக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அதைத் துடைக்கக்கூட நிமிரவில்லை.

"இன்னொரு தபா வையி," என்றான்.