நானே வாசித்துக் காட்டிய வரி

மூன்று வருடங்களுக்கு முன் செகந்திராபாத்தில் நடந்தது இது. அதே ஊரின் மறுகோடியில், கச்சிபௌலியில் கட்டிக்கொண்டிருந்த ஓர் அடுக்குமாடியில், பதினோராவது மாடி வீட்டுக்கு நானும் கணவரும் முன்பணம் கொடுத்து, வங்கிக் கடனுக்கும் கையெழுத்துப் போட்டிருந்தோம். இருபது வருடத் தவணை. போட்ட நாளிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை.

அந்தச் சமயத்தில்தான் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த அப்பா, எனக்கு வேலை கிடைத்த புதிதில் என் பெயரை அங்கே பதிந்து வைத்திருந்தார். நான் மறந்தே போயிருந்தேன். ஒரு வீடு காலியாகிறது, காத்திருப்போர் பட்டியலில் நீங்கள்தான் முதல் என்றது கடிதம்.

உட்கார்ந்து யோசித்தோம். சங்கத்து வீடு சின்னது, பழையது. வாடகைக்கு விடக் கூடாது. விற்க நினைத்தால் சங்கத்திடமே, அவர்கள் வைத்த விலைக்குத்தான் திருப்பித் தர வேண்டும். ஆனால் தவணை ரொம்பக் குறைவு. ஒரு மாதம் கட்ட முடியாவிட்டால் நேரில் போய்ப் பேசலாம். வங்கியில் யாரிடம் போய்ப் பேசுவது?

ஏதாவது ஒன்றை விடு என்றார் கணவர். எனக்கு எதையும் விட மனமில்லை. கச்சிபௌலி வீடு முடிய இரண்டு வருடம் ஆகும், அதுவரை இதில் இருப்போம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றேன். இந்த ஊரில் வேறு வீடு இல்லை என்று சங்கத்துக்கு எழுதித் தர வேண்டுமாம். கட்டி முடிக்காததை வீடென்று எப்படிச் சொல்வது என்று எனக்கு நானே வக்கீலாக வாதாடி, கையெழுத்துப் போட்டேன்.

ஒரு ஞாயிறு காலை சாவி வாங்கப் போனேன். அந்தச் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பட்டியலில் அடுத்து இருப்பவர் வந்து, முறை தவறவில்லை என்று, வீடு பெறுபவர் எழுதிக் கொடுத்த அதே தாளில் கையெழுத்திட்டால்தான் சாவி தருவார்கள். எனக்கு அடுத்தவர் ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மா, வீட்டிலேயே துணி தைப்பவர். கழுத்தில் இருந்த டேப்பைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தார். அவர் குடியிருக்கும் வாடகை வீட்டை இடிக்கப் போகிறார்களாம், இரண்டு மாதத்தில் காலி செய்ய வேண்டுமாம். அதைச் சொன்ன கையோடு, புது வீட்டில் எந்தக் குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார். எத்தனை முறை அந்த வீட்டைப் போய்ப் பார்த்திருப்பாரோ, பாவம்.

வங்கியில் கடன் கேட்டுப் பார்க்கவில்லையா என்று கேட்டேன்.

"கேட்டேம்மா. சம்பள சிலிப்பு கொண்டாங்கறாங்க. தையல் மிஷினுக்கு யாரு சிலிப்பு குடுப்பா? பரவால்ல, இன்னொரு வீடு காலியாவும். நீ டென்ஷன் நக்கோ, கவலப்படாத."

பேனாவை எடுத்தவர் தாளைப் பார்த்துத் தயங்கினார். இங்கிலீஷில் இருக்கிறது, என்ன எழுதியிருக்கிறதென்று படித்துச் சொல் என்றார். நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். என் பெயர், அப்பா பெயர், பட்டியல் எண். அடுத்த வரி, எனக்கோ என் கணவருக்கோ இந்த ஊரில் வேறு வீடு இல்லை என்பது. அதைப் பாதி சொல்லி நிறுத்திவிட்டேன்.

"ஹவ், சரி, அப்புறம்?" என்றார் அவர், பேனாவும் கையுமாக.

அதற்கு மேல் முடியவில்லை. சங்கச் செயலாளரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. பட்டியலில் என் பெயரை அடித்தார். அதில் மூன்றாவதாக இருந்தவரைக் கையெழுத்துக்கு வரச் சொல்லி போன் செய்துவிட்டு, சாவியை அந்த அம்மா பக்கம் நகர்த்தினார்.

அவர் சாவியைத் தொடவே இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: "உனக்கு நெசமாவே வீடு இருக்குல்லம்மா? எனக்காகப் பொய் சொல்லலியே?"

இருக்கிறது என்று தலையாட்டினேன். அவமானத்தில் அழுதுவிட்டேன்.

இப்போது பதினோராவது மாடியில் இருக்கிறோம். ஜன்னல் திரைகள் எல்லாம் அவர் தைத்துத் தந்தவை. தவணை கட்டும் நாளில் அந்தச் சின்ன வீட்டை நினைத்து மனம் கொஞ்சம் முணுமுணுக்கத்தான் செய்கிறது. ஆனால் அவருடைய இடத்தைப் பறிக்க வந்த என்னை, அவருக்காக விட்டுக்கொடுப்பவளாக நினைத்தாரே, அந்த நினைப்புக்குக் கொஞ்சமாவது பொருத்தமானவளாக ஆகிவிட வேண்டும் என்றுதான் இன்றும் ஆசைப்படுகிறேன்.