மாப்பிள்ளைக்கு முந்திக் குடிவந்த ஆந்தை

மருதமுனைக் காலிதீனுக்கு இரண்டு பைத்தியம் என்று ஊரில் சொல்வார்கள். ஒன்று சைக்கிள், மற்றது குருவி. சைக்கிளில் இடுப்பில் உடுக்கும் கைத்தறிச் சாரன்களைக் கட்டிக்கொண்டு சொறிக்கல்முனை வரைக்கும் போய் விற்றுவருவார். அது பிழைப்பு, யாரும் குறை சொல்லவில்லை. குருவிதான் ஊர்வாய்க்கு அவல். வெள்ளிக்கிழமைகளில் விடியற்காலை சுபஹு தொழுத கையோடு வயல் வரம்புகளில் பறவை பார்க்க நடந்துவிடுவார்.

கூட வருபவர் பெரியநீலாவணைப் பாக்கியராசா, சைக்கிள் திருத்துகிறவர். இரண்டாம் உலக யுத்தகாலத்துப் பட்டாளக்காரன் ஒருவன் விட்டுப்போன தூரக்கண்ணாடி அவரிடம் இருந்தது. அதன் இடது குழல் உடைந்துபோனதால் இருவரும் ஒற்றைக் கண்ணால்தான் உலகத்தைப் பார்த்தார்கள்.

ஐம்பத்தைந்தாம் ஆண்டு காலிதீனுக்குச் சாய்ந்தமருதில் கலியாணம் பேசி முடிந்தது. பெண் சுல்பிகா, நெற்காணிகள் வைத்திருந்த அப்துல் கபூர் போடியாரின் மகள். அந்தப் பக்கத்து வழக்கப்படி கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் குடியிருப்பார். அதற்கு முன் அந்தத் தெருவில் தலை காட்டினாலும் மரியாதைக் குறைவு. காலிதீன் இதில் படு கண்டிப்பு. சாரன் விற்கப் போனாலும் அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு போவார். அதனால் அந்த வீட்டின் பின்பக்கம் எப்படியிருக்கும் என்று அவருக்குத் தெரியாமலே போயிற்று. வம்பு அங்கேதான் தொடங்கியது.

அறுவடை முடிந்த ஒரு வெள்ளிக்கிழமை. வயலோரமாக நடந்துகொண்டிருந்த பாக்கியராசா சட்டென்று நின்றார்.

"மச்சான், அந்த ஓட்டுக் கூரைக்குக் கீழ பாருங்க. வெள்ளையா என்னவோ ஒண்டு."

காலிதீன் குழலைக் கண்ணில் வைத்தார். காம்பைப் பிடித்துத் தொங்கவிட்ட வெற்றிலை போல ஒரு வெள்ளை முகம். ஆந்தை! பட்டப்பகலில், அரைக்கண் மூடி, சுவரோடு ஒட்டிக்கொண்டு உறங்கியது. எத்தனையோ கொக்கும் நாரையும் பார்த்திருக்கிறார், ஓர் ஆந்தையை இப்படிப் பார்த்ததில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஆரடா அது, என்ட வளவுக்குக் குழல் புடிக்கிறது?"

வரம்பில் குடையை ஓங்கிக்கொண்டு வந்தவர் அப்துல் கபூர் போடியார். பின்னால் நெற்கதிர்ச் சூடு மிதிக்க வந்த கூலியாட்கள். கிட்ட வந்ததும் குடை தானாக இறங்கியது.

"மருமகனா! கலியாணத்துக்கு இன்னம் ரெண்டு கிழமதானே இரிக்கி. அதுக்குள்ள பொறுக்கேலாம குமரிருக்கிற வீட்டக் குழல் வெச்சிப் பாக்கிறீங்களா?"

"அல்லாஹ்வுக்காக மாமா, இது உங்கட வீடெண்டே எனக்குத் தெரியா. நான் பாத்தது..."

சொல்ல வந்ததைக் காலிதீன் விழுங்கிக்கொண்டார். ஆந்தை அடைந்த வீட்டில் மையித்து விழும், சாவு வரும் என்று பயப்படுகிற ஊர் அது. ஆந்தை என்று சொன்னால் அந்த வீட்டில் கலியாணம் நடக்காது. சொல்லாவிட்டால் பெண்ணை எட்டிப் பார்த்தவன் என்று கலியாணமே நடக்காது.

பாக்கியராசாவுக்கு அந்தக் கவலை இல்லை. "ஆந்தை, போடியார்! உங்கட கூரைக்குக் கீழ ஆந்தை இரிக்கி" என்றார்.

கூலியாட்களில் ஒருவர் இரண்டடி பின்னுக்குப் போனார். போடியார் தூரக்கண்ணாடியைப் பறித்துப் பார்த்தார்.

"பொய்! ஒண்டையும் காணல்ல. ஒரே இருட்டு."

"மாமா, அது உடைஞ்ச குழல். மற்றதால பாருங்க."

மற்றதால் பார்த்தார். குடை கையிலிருந்து விழுந்தது.

அப்போது கிடுகு வேலிக்கு அப்பாலிருந்து அவர் மனைவி ஹவ்வா உம்மாவின் குரல் வந்தது.

"இஞ்ச, அத என்ன புதினமாப் பாக்கிறீங்க? மழைக்குள்ள வந்தது, இன்னம் இரிக்கி. நெல்லுப் பட்டறையில எலித் தொல்லைய நிப்பாட்டினது ஆரெண்டு நெனச்சீங்க? நீங்க வாங்கி வந்த பூனையா?"

"ஏன் எனக்குச் செல்லல்ல?"

"செல்லியிருந்தா கல்லெறிஞ்சி தொரத்தியிருப்பீங்க. இவ்வளவு நாளும் வீட்டுல ஆருக்கும் ஒரு தடிமனாவது வந்ததா?"

போடியார் யோசித்தார். வரவில்லைதான். ஆந்தை உண்மையென்றால் மருமகன் மானமுள்ளவர் என்பதும் உண்மை. குடையைப் பொறுக்கிக்கொண்டு கூலியாட்கள் பக்கம் திரும்பினார்.

"என்ன முழிக்கிறீங்க? சகுனம் பாக்கிற ஆக்களா நாங்க?" என்று சத்தம் போட்டார். ஆனாலும் கூரைப் பக்கம் மறுபடி பார்க்கவில்லை.

"பரவாயில்ல மாமா," என்றார் காலிதீன், "எனக்கு முந்தி அவரு குடிவந்திட்டாரு."

போடியார் வயிறு குலுங்கச் சிரித்தார்.

கலியாணம் குறித்த நாளில் நடந்தது. கூரையிலிருந்தவரும் அசையவில்லை. சில நாள் கழித்து சுல்பிகா மெல்லக் கேட்டார்.

"அண்டைக்கு வளவுக்குள்ள உடுப்புக் காயப் போட்டது நான்தான். உண்மையச் செல்லுங்க, என்னப் பாக்கல்லியா?"

"சத்தியமா ஆந்தையத்தான் பாத்தேன்."

சுல்பிகா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்று கலியாணத்தைக் காப்பாற்றிய பதிலால் இன்று சோற்றோடு கறி கிடைக்கவில்லை.

அடுத்த வெள்ளி பாக்கியராசா வந்து கூப்பிட்டபோது காலிதீன் வயலுக்குப் போகவில்லை. தூரக்கண்ணாடியை மட்டும் வாங்கிக்கொண்டு பின்வாசற்படியில் உட்கார்ந்தார். கிணற்றடியில் நின்ற சுல்பிகா பக்கம் அதைத் திருப்பி, உடையாத குழலாகப் பார்த்துக் கண்ணில் வைத்தார்.

"சீ, போங்க! ஊரு சிரிக்கப் போகுது" என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு முதலில் சிரித்தவர் சுல்பிகாதான்.