அண்ணன் சீராக வந்த பச்சைப் பெயிண்ட்

விக்கிரமங்கலத்துப் பெயிண்டர் பாவாடை, தங்கை வீட்டுக்குப் போவதற்கு முன் இரண்டு தரம் சோப்புப் போட்டுக் குளிப்பார். வேலைக்குப் போடாத சட்டை ஒன்றைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறார். ஐம்பத்து மூன்று வயதில் மனிதர் பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி நகத்தையெல்லாம் சுரண்டிக்கொண்டு கிளம்புவதைப் பார்த்துத் தெருவில் சிரிப்பார்கள். காரணத்தைச் சொல்ல அவருக்கு வெட்கம்.

தங்கை அம்சவள்ளி திருமானூரில் வாழ்க்கைப்பட்டவள். அவள் புருஷன் ராசாங்கம் குவைத்தில் டிரைவர். பன்னிரண்டு வருஷம் சம்பாதித்து, வயலாக இருந்த ஒரு மனையை மண் அடித்து மேடாக்கி வீடு கட்டினார். பூச்சு வேலை முடிவதற்குள் சித்திரை பிறந்துவிட்டது. மேஸ்திரி அப்போதே சொன்னார்: “வயக்காட்டு எடமுங்க, அடியிலேர்ந்து ஈரம் ஏறும். ஒரு கோடை முழுக்கக் காயட்டும். அதுவரைக்கும் சும்மா சுண்ணாம்பு அடிச்சு வுட்டுருங்க.”

ராசாங்கத்தின் லீவோ வைகாசியோடு சரி. ஆனியிலும் ஆடியிலும் யார் வீடு குடிபோவார்கள்? வைகாசிக் கடைசியில் இருந்த ஒரே முகூர்த்தத்தைக் குறித்துவிட்டார்கள்.

புதுவீட்டுக்கு அண்ணன் என்ன சீர் கொண்டுவரப் போகிறான் என்று நாத்தனார்கள் காத்திருந்தார்கள். கட்டிலும் பீரோவும் வாங்கி இறக்கப் பாவாடைக்கு வசதி இல்லை. கையில் தொழில் இருந்தது. “பெயிண்ட்டு, கூலி எல்லாம் என் சீரு மாப்ள. வேற யாரும் செவுத்துல கை வைக்கக் கூடாது,” என்றார். சொன்னபோது அவருக்கே நெஞ்சு நிமிர்ந்தது. அம்சவள்ளி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சுவர் காய்ந்ததா என்று பார்க்க அவரிடம் ஒரு வழி உண்டு. பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டுவிடுவார். உள்பக்கம் நீர் கோத்திருந்தால், வீட்டுக்காரர் தலைகீழாக நின்றாலும் பிரஷ்ஷைத் தொட மாட்டார். தங்கையின் படுக்கையறையிலும் அப்படி ஒட்டினார். மறுநாள் உரித்தபோது தாள் உள்ளே வியர்த்துக் கொட்டியிருந்தது. பின்னாலேயே ராசாங்கம் வந்து நின்றார்.

“என்ன மச்சான், காஞ்சிருச்சா?”

பாவாடை தாளைச் சுருட்டி மடியில் செருகிக்கொண்டு, தோள் துண்டால் சுவரைத் துடைத்தார்.

“காஞ்சிருச்சு மாப்ள. ஆரம்பிச்சுடலாம்.”

முப்பது வருஷத் தொழிலில் அவர் சொன்ன ஒரே பொய் அது. அதைக் கூடப்பிறந்தவள் வீட்டிலா போய்ச் சொல்ல வேண்டும்?

உள்ளே இரண்டு கை பட்டி பார்த்து, மேலே பளபளவென்று பச்சை எமல்ஷன் அடித்தார். வெளிச்சுவருக்கு மழைத்தண்ணீர் இறங்காத பெயிண்ட். இரண்டு பக்கமும் அடைத்துவிட்டதால் சுவரில் இருந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் போனது. குடிபோன அன்று வந்தவர்களெல்லாம் சுவரைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். நாத்தனார்களே வாயைத் திறக்கவில்லை.

ஐப்பசி மழை பிடித்ததும் கட்டிலுக்குப் பின்னால் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சை கிளம்பியது. தை மாதம் பொங்கல் சீரோடு போன பாவாடை அதைப் பார்த்தார். என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கா தெரியாது? அடித்ததையெல்லாம் சுரண்டி எறிந்துவிட்டு, சன்னலைத் திறந்து போட்டுச் சுவரைக் காயவிட வேண்டும். ஆனால் சுரண்டினால் காரணம் சொல்லியாக வேண்டும். துடைத்துவிட்டு அதன் மேலேயே இன்னொரு கை அடித்தார். அடுத்த பொங்கலுக்கும், அதற்கடுத்த பொங்கலுக்கும் கரும்போடும் மஞ்சள் கொத்தோடும் ஒரு டப்பா பச்சைப் பெயிண்ட்டும் திருமானூர் பஸ் ஏறியது.

“எங்கண்ணன் வருசா வருசம் வந்து வூட்டப் புதுசாக்கிட்டுப் போயிடுது,” என்று அம்சவள்ளி தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாள்.

அம்சவள்ளிக்கு முதலில் இருமல் வந்தது, பிறகு இழுப்பு. வீட்டில் ஓதம் உண்டா என்று டாக்டர் கேட்டதற்கு இல்லவே இல்லை என்றிருக்கிறாள். நாலாவது வருஷம் அவள் மகள் வெற்றிச்செல்விதான் பாவாடைக்குப் போன் போட்டாள்.

“மாமா, அம்மா ரூம்ல படுக்கறதே இல்ல. ஹால்ல ஒக்காந்துக்கிட்டே தூங்குது. செவுரு ஈரமா இருக்குன்னு சொன்னா நீங்க வருத்தப்படுவீங்களாம். சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிக்கிச்சு.”

பாவாடை அன்றே போனார். தங்கையைப் பக்கத்து வீட்டில் உட்காரவைத்துவிட்டு, பட்டித் தகட்டால் சுவரைச் சுரண்டினார். பச்சை வில்லை வில்லையாக உரிந்து விழுந்தது. அடியில் பூச்சு நனைந்த சாக்கு மாதிரி இருந்தது. வேலை முடிந்ததும் அவளிடம் அந்தப் பாலித்தீன் தாளைப் பற்றி ஒளிக்காமல் சொன்னார்.

அவள் அவர் சட்டையில் ஒட்டியிருந்த பச்சைத் துகளைத் தட்டிவிட்டாள். பிறகு, “வுடுண்ணே. எனக்கு ஒரு கொற வரக் கூடாதுன்னுதானே செஞ்ச,” என்றாள். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

இரண்டு கோடை சுவரை வெறுமனே விட்டார்கள். நன்றாகக் காய்ந்தது. தாள் ஒட்டிப் பார்த்தபோது ஒரு சொட்டு நீர் இல்லை. வேறு ஆளை வைத்துச் சுண்ணாம்பு அடித்தார்கள். ஆனால் அம்சவள்ளியின் இழுப்பு நிற்கவில்லை. பெயிண்ட் வாடையும் தின்னர் வாடையும் இனி ஆகவே ஆகாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லிவிட்டார்.

இந்தப் பொங்கலுக்கும் குளித்து முழுகி, தனிச் சட்டை போட்டுக்கொண்டுதான் போனார். வாசலில் கரும்பைச் சாத்தும்போதே உள்ளே இருமல் கேட்டது.

“உள்ள வாண்ணே.”

பாவாடை உள்ளங்கையை முகர்ந்து பார்த்தார். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத வாடை அது. “இங்கயே ஒக்காந்துக்கறேம்மா, காத்து நல்லா வருது,” என்று வாசல் முற்றத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அம்சவள்ளி இன்ஹேலரை இரண்டு முறை உறிஞ்சிவிட்டு, தட்டில் பொங்கலைப் போட்டு எடுத்துக்கொண்டு அவரிடம் வந்தாள். அவள் கிட்டே வர வர, அவர் நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டே போனார்.