ஈட்டிக் கிளையும் காதுகுத்தும்

1936 பிப்ரவரி 4, செவ்வாய்க்கிழமை, காலை ஐந்து நாற்பது. புல்லெல்லாம் உறைபனி. வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. மூணாறுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதிக்கொண்டிருந்த நான், ஐம்பத்தாறு வயதில், கொச்சிக்கு சைக்கிளில் கிளம்பினேன். எண்பத்தோரு மைல்.

வேறு வழியில்லை. மறுநாள் ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் மட்டாஞ்சேரியில் என் தங்கை மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் குத்த வேண்டும். அவளுடன் பிறந்தவன் நான் ஒருவன்தான். வேலை அதிகம் என்று இரண்டு முறை தள்ளிவைக்கச் சொல்லியிருந்தேன். 'இந்தத் தடவையும் நீ வரவில்லையென்றால் என் கொழுந்தன் மடியில் உட்காரவைப்பார்கள். அப்புறம் மாமியார் வாய்க்கு என்னால் பதில் சொல்ல முடியாது' என்று எழுதியிருந்தாள். நான் போகவிருந்த பஸ், திங்கட்கிழமை அச்சு முறிந்து நின்றுவிட்டது.

இறக்கம்தானே என்றார்கள். எனக்குப் பயமே இறக்கம்தான். இருபதாவது மைலில் பிரேக் ரப்பர் இரண்டும் தேய்ந்துபோயின. எங்கள் தோட்டத்து மாட்டுவண்டிக்காரர்கள் பாரம் ஏற்றி இறங்கும்போது பின்னால் ஒரு கட்டையைக் கட்டி இழுத்து வருவார்கள், வண்டி மாட்டை முந்தாது. நானும் வழியில் கிடந்த கிளையொன்றை அளந்து, ஆறடி மூன்றங்குலம், சீட்டுக்கு அடியில் கயிற்றால் கட்டினேன். அருமையாக வேலை செய்தது. மரங்கள் தலைக்குமேல் கூடி ரோடே இருட்டிக்கிடந்தது. அருவி பதினொன்று. யானை லத்தி நான்கு இடத்தில், அதில் ஒன்றில் ஆவி பறந்தது. அங்கே மட்டும் மூச்சை அடக்கிக்கொண்டேன். மற்றபடி பாட்டுக்கூடப் பாடினேன்.

ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் வனக்காவல் சாவடி. காவலர் நாஞ்சில்நாட்டுக்காரர்.

"ஓய், நில்லும்! பின்னால என்னவே அது?"

"பிரேக்கு, அண்ணாச்சி."

அவர் குனிந்து பட்டையைக் கீறிப் பார்த்தார். "ஈட்டி மரமில்லா இது! பாஸ் எங்க?"

ஈட்டி மரம் யார் நிலத்தில் நின்றாலும் சர்க்காருடையது. பாஸ் இல்லாமல் ஒரு குச்சி நகரக் கூடாது. தோட்டத்து மரக் கணக்கை முப்பது வருஷம் எழுதிய எனக்கு அந்தச் சட்டம் மனப்பாடம். இலையில்லாத கிளையைப் பார்த்து மரம் சொல்லத்தான் தெரியாது.

"இங்கயே போட்டுட்டுப் போறேன்."

"கடத்திட்டு வந்த பெறகா? இப்ப நாலரை அடி இருக்கு. முழுசா எவ்வளவு?"

"ஆறடி மூணங்குலம்." கேட்டால் சரியாகச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம்.

"மிச்சம் எங்க?"

"உங்க ரோட்டுலதான் தேஞ்சு கிடக்கு."

அவர் சிரிக்கவில்லை. ரேஞ்சர் சாயங்காலம் வருவார், அதுவரை உட்காரும் என்றார். காதுகுத்து விஷயத்தைச் சொன்னேன்.

"எத்தனை மருமக்கமாரு உமக்கு?"

"ஒருத்தன்தான்."

"அதை மொதல்ல சொல்லாம அடிக்கணக்கு சொல்லுதீரே! இந்தாரும் பேப்பர்."

மகஜர், அதாவது குற்றப் பதிவு, எழுத அவருக்கு இரண்டு மணி நேரம் ஆகுமாம். ஆகவே என் குற்றத்தை நானே எழுதினேன்: நீளம், மைல், மரத்தின் பெயர், எதையும் விடவில்லை. பதினெட்டு நிமிஷம். அபராதமும் கட்டினேன். அவர் வாசித்துவிட்டு, "ரேஞ்சருக்கே இப்படி எழுத வராது" என்றார். பழைய செருப்பை வெட்டிப் பிரேக்கில் தோல் வைத்துக் கட்டியும் கொடுத்தார்.

அன்று கோதமங்கலத்தில் தங்கி, விடியுமுன் கிளம்பி, எறணாகுளத்தில் சைக்கிளோடு படகேறி, ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு வீட்டுக்குள் நுழைந்தேன். கொழுந்தன் சம்மணமிட்டாயிற்று. பையன் அவர் மடியில். ஆசாரி ஊசியைக் கையில் எடுத்துவிட்டார்.

"எந்திரிங்க கொழுந்தனாரே, எங்கண்ணன் வந்துட்டான்!" என்றாள் தங்கை, அடுப்படியில் இருந்த மாமியாருக்கும் கேட்கும்படியாக.

பையன் நல்ல கனம். அவன் உதைத்த உதையில் அவனைவிட நான்தான் அதிகம் கத்தினேன் என்று இன்றும் அந்த வீட்டில் சொல்கிறார்கள். அது பொய். ஆளுக்கு இரண்டு தடவைதான்.

அபராதம், படகு, புது ரப்பர், பையனுக்குப் போட்ட கடுக்கன் எல்லாம் சேர்த்துச் செலவு பதினாலு ரூபாய் ஒன்பதணா ஆறு தம்பிடி.