ஊரார் தொட்டிகளைச் சுமந்த அண்ணன்

சென்ற ஆண்டு அக்டோபர் மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை, பிற்பகல் மூன்று இருபதுக்கு எல்லாம் தவறாகப் போகத் தொடங்கியது. டெக்சாஸ் மாநிலத்தின் ரவுண்ட் ராக்கில் என் வீட்டுச் சமையலறைக் கடிகாரத்தின் கீழே நின்றுதான் அண்ணனின் தொலைபேசியை எடுத்தேன். அதனால் நேரம் மறக்கவில்லை. காலையிலிருந்து புழுக்கமாக அடித்துக்கொண்டிருந்த தெற்குக் காற்று சட்டென்று நின்றுவிட்டது என்றும், வடக்கே வானம் கருநீலமாகத் திரண்டு வருகிறது என்றும் சொன்னார். மறுநாள் இரவுதான் கடும் குளிர் இறங்கும் என்று தொலைக்காட்சியில் சொல்லியிருந்தார்கள். அது ஒரு நாள் முன்னதாகவே புறப்பட்டு வந்துவிட்டது.

"காத்து திரும்பிருச்சு அம்மிணி. செடித் தொட்டியெல்லாம் வெளிய நிக்குது. இவிய ஒருத்தரையும் காணோம்" என்றார்.

நான் வரும்வரை எதையும் தொடாதீர்கள் என்றேன். சரி என்றார். சொன்னபடி இருக்கவில்லை.

அண்ணனின் முதலாண்டு நினைவு மலரில் இப்படியெல்லாம் எழுதலாமா என்று உறவினர்கள் சிலர் கேட்டார்கள். பிறந்தது, படித்தது, பண்பு, பாசம் என்று எழுதி, எல்லோருக்கும் நன்றி சொல்லி முடிப்பதுதான் வழக்கம் என்றார்கள். அண்ணியிடம் கேட்டேன். "நடந்ததை எழுது. படிக்கிறவங்க படிக்கட்டும்" என்றார். அதனால் எழுதுகிறேன்.

அண்ணன் பவானிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் பிறந்தார். அவர் கோவையில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தபோது அப்பா தவறிவிட்டார். அப்போது நான் பாவாடை கட்டிய சிறுமி. அன்றிலிருந்து என் பள்ளி, கல்லூரி, கல்யாணம் எல்லாம் அண்ணன் கையால் நடந்தவை. முதலில் நியூ ஜெர்சியில் வேலை கிடைத்து வந்தார். ஹீட்டர் சரியாக ஓடாத அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்று பேரோடு தங்கி, கோட்டைப் போட்டுக்கொண்டே தூங்கி, எங்களுக்குப் பணம் அனுப்பினார். பிறகு டெக்சாஸில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் சேர்ந்து, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ரவுண்ட் ராக்கிலிருந்து அரை மணி தூரத்தில் எட்டு ஏக்கர் நிலமும் அதில் ஒரு பழைய தகரக் கூரை வீடும் வாங்கினார்.

அன்று நம் ஆட்கள் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது. ஆடு மேய்க்கவா கிரீன் கார்டு வாங்கினீர்கள் என்று ஒருவர் கேட்டார். நல்ல ஸ்கூல் டிஸ்ட்ரிக்டில் வீடு வாங்கினால் விலையாவது ஏறும் என்று இன்னொருவர் வகுப்பெடுத்தார். அண்ணன் சிரித்துக்கொண்டே அவர்கள் வண்டியில் ஒரு பை வெண்டைக்காயை வைத்து அனுப்பினார். அடுத்த மாதத்திலிருந்து சிரித்தவர்கள் எல்லாரும் சனி, ஞாயிறுகளில் பையோடு வரத் தொடங்கினார்கள்.

அங்கே அவர் எப்படி உழைத்தார் என்பது பையோடு வந்தவர்களுக்குத் தெரியாது. ஆகஸ்ட் மாதம் அந்தக் களிமண் நிலம் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். வேலைக்குப் போகும் முன்பே எழுந்து ஆடுகளுக்குத் தண்ணீர் மாற்றுவார், கோழிகளைத் திறந்துவிடுவார், கத்தரிக்கும் மிளகாய்க்கும் ஹோஸ் பிடிப்பார். கடிக்கும் செவ்வெறும்புக்குப் பயந்து முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டிருப்பார். செப்டம்பரில் முதல் மழை விழுந்ததும் காய்ந்த வெண்டைச் செடிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வெந்தயமும் கொத்தமல்லியும் முள்ளங்கியும் விதைப்பார். பகல் குறுகக் குறுக முட்டையும் குறையும். கிடாய்களின் நாற்றம் வீடு வரைக்கும் வரும். குளிர்காலத்துக்கு வைக்கோல் கட்டுகளை அடுக்க வேண்டும். முருங்கையை இடுப்பளவில் வெட்டி, அடிமரத்தைச் சுற்றி வைக்கோல் போர்த்த வேண்டும். வேலி பார்க்க வேண்டும். இவ்வளவும் அவருடைய சொந்த வேலைகள். அவற்றைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. அவற்றைச் செய்யும்போது அவர் முகம் நன்றாக இருக்கும்.

தொட்டிகள் அவருடைய வேலை அல்ல. இங்கே நம்மவர் வீடுகளில் கறிவேப்பிலைச் செடி என்பது பிள்ளை மாதிரி. யாரோ ஊரிலிருந்து துணிக்குள் சுற்றி ஒளித்துக் கொண்டுவந்த கொட்டையிலிருந்து முளைத்ததாக இருக்கும். ஒரு நாள் உறைபனி பட்டால் செத்துவிடும். முதல் ஆண்டு, டிசம்பரில் இந்தியா போன ஒரு குடும்பம் தங்கள் தொட்டியை அண்ணனிடம் விட்டுப் போனது. அவர் பைப்புகளை வளைத்து, பிளாஸ்டிக் தாள் போர்த்தி, சின்ன கேஸ் ஹீட்டர் வைத்து ஒரு கொட்டகை போட்டார். செடி பிழைத்தது. அடுத்த ஆண்டு ஏழெட்டு வீட்டுத் தொட்டிகள் வந்தன. பிறகு மல்லிகை வந்தது, செம்பருத்தி வந்தது, பெரிய மரப்பீப்பாயில் எலுமிச்சை வந்தது. கார்த்திகை வந்தால் சாமி கும்பிடுவது போல, இலை உதிரத் தொடங்கினால் தொட்டியை அண்ணன் வீட்டில் இறக்குவது என்று ஆகிவிட்டது. மார்ச்சில் செழிப்பாகத் திரும்ப எடுத்துப் போவார்கள். இலை மஞ்சளாக இருந்தால் குறையும் சொல்வார்கள்.

போன ஏப்ரலில் அண்ணனுக்கு மாரடைப்பு வந்தது. அடைப்பை நீக்கி அனுப்பினார்கள். இனி கனமான எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார். இது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. மருத்துவமனைக்கு ரசமும் பருப்புச் சாதமும் கொண்டுவந்து, படுக்கையைச் சுற்றி நின்று, எதையும் தூக்காதீங்கண்ணா என்று டாக்டரைவிட அதிகமாகச் சொன்னவர்கள்தான் எல்லாரும்.

செப்டம்பரில் அண்ணி ஒவ்வொரு வீட்டுக்கும் தொலைபேசினார். இந்த ஆண்டு தொட்டி வைப்பதாக இருந்தால் நீங்களே கொண்டுவந்து நீங்களே உள்ளே வைக்க வேண்டும் என்றார். அதைச் சொல்லணுமா அண்ணி என்றார்கள். தொட்டிகள் வந்தன. வெயில் இருக்கும்போதே கொட்டகைக்குள் வைத்தால் செடி வெந்துவிடும். அதனால் குளிர் வரும் நாளில் வந்து தூக்கி வைத்துவிடுகிறோம் என்று, வெளியே பிக்கான் மரத்தடியில் வரிசையாக இறக்கிவிட்டுப் போனார்கள். அந்த வாரம் குளிர் வருகிறது என்று அண்ணி மறுபடியும் எல்லோரையும் அழைத்தார். சனிக்கிழமை காலையில் வந்துவிடுகிறோம் என்றார்கள்.

அந்தச் சனிக்கிழமை தீபாவளி விழாவுக்கு ஒத்திகை. ஒவ்வொரு வீட்டுக்காரரும் மற்ற வீட்டுக்காரர் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டார். குளிர் நாளைக்குத்தானே என்று சிலர் நினைத்தார்கள். இதை நான் ஊகிக்கவில்லை. பிறகு ஒவ்வொருவராக என்னிடம் சொன்ன காரணம் இது. சொல்லும்போது அது ஒரு நல்ல காரணம் போலவே சொன்னார்கள்.

வீட்டிலிருந்து கிளம்பும் முன் ஒத்திகை நடந்த மண்டபத்துக்குத் தொலைபேசினேன். பின்னால் பாட்டுச் சத்தம். எடுத்தவர், இன்னும் ஒரு அயிட்டம்தான் பாக்கி, முடிந்ததும் நாலு பேர் கிளம்பிவிடுகிறோம் என்றார். அண்ணிக்கு அன்று மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை. நானும், பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகளும் கிளம்பினோம். பாதி வழியில் வடகாற்று எங்களை எதிர்கொண்டது. வண்டி ஆடியது. சட்டைக்கு மேல் எதுவும் போடாமல் வந்த மகள் நடுங்கத் தொடங்கினாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மரத்தடியில் பாதித் தொட்டிகள் இல்லை. அண்ணன் ஒரு தள்ளுவண்டியில் இன்னொன்றை ஏற்றிக்கொண்டிருந்தார். நான் போய் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். என் வாழ்நாளில் அண்ணனிடம் குரலை உயர்த்தியது அன்று ஒரு நாள்தான். செத்தால் சாகட்டும், செடிதானே என்றேன்.

"ஊர்ல இருந்து உசுரைக் கையில புடிச்சுக் கொண்டாந்த செடி கண்ணு. நம்மளை நம்பி விட்டுப் போயிருக்காங்கல்ல" என்றார்.

நம்பி விட்டுப் போயிருக்கிறார்கள். அந்தச் சொல்லை ஓராண்டாக மென்றுகொண்டிருக்கிறேன். கசப்பு போகவில்லை. அவர்கள் அவரை நம்பினார்கள், அது உண்மை. அவர் யாரை நம்ப முடிந்தது?

அவரைப் படியில் உட்கார வைத்துவிட்டு நானும் மகளும் தூக்கினோம். மற்றவை எல்லாம் உள்ளே போன பிறகு, எங்களால் அசைக்க முடியாததாக அந்த எலுமிச்சைப் பீப்பாய் நின்றது. நாங்கள் அதோடு போராடுவதைப் பார்த்துக்கொண்டு அவரால் உட்கார முடியவில்லை. எழுந்து வந்து தோளைக் கொடுத்தார். பீப்பாய் கொட்டகைக்குள் போனது. வெளியே வந்து, வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்தார். வாயுதான், கொஞ்சம் வெந்நீர் கொண்டு வா என்றார். நான் தண்ணீரோடு திரும்பியபோது பக்கவாட்டில் சாய்ந்திருந்தார்.

மகள்தான் 911-ஐ அழைத்தாள். பக்கத்து நிலத்தில் மாடு வளர்க்கும் வெய்ன் என்ற முதியவர் என் அலறலைக் கேட்டு வேலியைத் தாண்டி ஓடிவந்தார். ஆம்புலன்ஸ் வரும்வரை, அந்தக் காற்றில், முழங்காலிட்டு அண்ணனின் மார்பை அழுத்திக்கொண்டே இருந்தார். அந்த ஒற்றையடி மண்பாதையைக் கண்டுபிடித்து ஆம்புலன்ஸ் வர வெகுநேரம் ஆயிற்று. போகும் வழியிலேயே அண்ணன் உயிர் பிரிந்துவிட்டது.

துக்கம் கேட்க வந்தவர்கள் என்னிடம் என்ன சொன்னார்கள் தெரியுமா? புண்ணியவான், படுக்கையில் கிடக்காமல், பிடித்த வேலையைச் செய்துகொண்டிருக்கும்போதே போய்விட்டார் என்றார்கள். ஒருவர் இருவர் அல்ல. வந்தவர்கள் எல்லாரும் பேசி வைத்தது போல அதையே சொன்னார்கள். அவருக்குப் பிடித்த வேலை வெண்டைக்காய்க்குத் தண்ணீர் விடுவது. ஆட்டுக்குட்டிக்குப் புட்டியில் பால் கொடுப்பது. அவருக்குப் பிடித்ததைச் செய்யும்போது அவர் சாகவில்லை. உங்களுக்குத் தேவையானதைச் செய்யும்போது செத்தார். இதை யாரும் எனக்கு மாற்றிச் சொல்ல வேண்டாம்.

என் மகள் இங்கே பிறந்தவள். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். இந்த ஓராண்டில் அவள் தொலைக்காட்சியில் வானிலைச் சேனலைத் தவிர வேறு எதையும் பார்ப்பதில்லை. காற்று வேகமாக அடித்தால் எழுந்து வந்து என் அறை வாசலில் நிற்கிறாள். ஒரு நாள் கேட்டாள்: "ஒய் டிட் மாமா ஹேவ் டு டூ இட், அம்மா? இட் வாஸ்ன்ட் ஈவன் ஹிஸ் பிளான்ட்." அது அவருடைய செடிகூட இல்லையே, மாமா ஏன் தூக்க வேண்டும் என்று கேட்கிறாள்.

மாமா நல்லவர், அதனால் செய்தார் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் நல்லவளாக இருப்பது என்றால் இதுதான் என்று அவள் எடுத்துக்கொள்வாள் என்று பயமாக இருந்தது. நாளை அவளும் யாருடைய பாரத்தையாவது சுமந்துகொண்டு ஒரு பிளாஸ்டிக் கொட்டகை வாசலில் விழுந்துவிடுவாளோ என்ற பயம். எனக்குக் கிடைக்காத அந்தப் பதிலை, இதைப் படிக்கும் பெரியவர்கள் யாராவது அவளிடம் நேரில் வந்து சொன்னால் நன்றாக இருக்கும்.

அந்தக் குளிரில் எல்லாச் செடிகளும் பிழைத்தன. மார்ச் மாதத்தில் வந்து எடுத்துப் போனார்கள். சிலர் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள், அழுதுவிட்டு எடுத்துப் போனார்கள். இந்த ஆண்டு கொட்டகையைப் பிரித்துவிட்டோம். ஆடுகளும் கோழிகளும் இருக்கின்றன. அண்ணி அங்கேயேதான் இருக்கப்போகிறார். இந்தச் செப்டம்பரில் வெந்தயமும் கொத்தமல்லியும் அவரே விதைத்தார்.

நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் மொழி தெரியாத, எங்கள் வீட்டுச் சாப்பாடு காரம் என்று ஒரு முறைகூடச் சாப்பிடாத வெய்ன், அன்று மட்டுமல்ல, குளிர்காலம் முழுவதும் காலையில் வந்து எங்கள் ஆடுகளுக்குத் தீனி போட்டார். அண்ணியோடு ஆய்வகத்தில் வேலை பார்ப்பவர்கள் முறை வைத்து இரவில் வந்து துணைக்குப் படுத்தார்கள். ஆம்புலன்ஸில் வந்த இரண்டு பெண்கள், பெயர்கூடத் தெரியாது, கடைசிவரை கையை எடுக்கவில்லை. அவர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

மண்டபத்திலிருந்து வந்தவர்களையும் சொல்லாமல் விட முடியாது. பெயர் எழுதவில்லை. படிக்கும்போது அவர்களுக்கே தெரியும்.

ஆம்புலன்ஸ் அண்ணனை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. அவர் சாப்பிடும் மாத்திரைகளை எடுத்துவரச் சொல்லியிருந்தார்கள். நான் உள்ளே போய் அவற்றைத் தேடி எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். நீ வண்டி ஓட்ட வேண்டாம் என்று வெய்ன் தன் டிரக்கில் எங்களை ஏறச் சொன்னார். மகள் முன்னால் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அப்போது வாசலுக்குள் ஒரு மினிவேன் திரும்பியது. ஒத்திகைக்குப் போட்ட பட்டு ஜிப்பாவோடு கணவர் இறங்கினார். மனைவி பின்கதவைத் திறந்தார். இருக்கையில், பெல்ட் மாட்டி, ஒரு கறிவேப்பிலைத் தொட்டி இருந்தது. அவர்களுக்கு எதுவும் தெரியாது. கணவர் குளிருக்குக் கைகளைத் தேய்த்துக்கொண்டே மரத்தடி காலியாக இருப்பதைப் பார்த்து முகம் மலர்ந்தார்.

"அடேங்கப்பா, அண்ணன் எல்லாத்தையும் உள்ள வெச்சு முடிச்சுட்டாருங்களா?" என்றார். "எங்கீங்க அக்கா அவரு? இதொண்ணையும் அப்படியே உள்ள வெச்சுடச் சொல்லுங்க. நல்லாத் தண்ணி ஊத்தியே கொண்டாந்துட்டோம், அவருக்கு ஒரு வேலையும் இருக்காது."