வெறும் கானுக்கு வந்த அக்கா

வெள்ளிக்கிழமைக்குள் கட்டட உரிமையாளருக்குப் பதில் சொல்ல வேண்டும்: டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரில் இருக்கிற என் கடையைத் தொடர்வதா, பூட்டுவதா?

போத்தலோடு வந்தால் பாத்திரம் கழுவ, உடுப்புத் தோய்க்க, நிலம் துடைக்கத் தேவையான திரவத்தை நிரப்பிக் கொடுக்கிற கடை. திரவம் பெரிய நீலப் பிளாஸ்டிக் கான்களில் வந்து இறங்கும். இன்று மத்தியானம் வரை ஒரு சனமும் இல்லை.

பிறகு எங்கள் தமிழ் ஆட்களில் ஒரு அக்கா வந்தார். வெறுங்கையோடு.

"போத்தல் கொண்டரேல்லையோ அக்கா?"

"தம்பி, உந்த நீலக் கான் வெறுமனே கிடக்கோ? தோட்டத்துக்குத் தண்ணி கொண்டுபோக வேணும்."

"அப்ப சோப்?"

"அது சுப்பர்மார்க்கெட்டில வாங்கிறனான். போத்தலும் கிடைக்குமெல்லோ!"

"வீட்டில பழைய போத்தல் இருக்குமே?"

"இருக்கு. ஒண்டையும் எறியிறேல்லை. ஒண்டில பூக்கண்டுக்குத் தண்ணி, ஒண்டில விதை, ஒண்டில மனுசன்ர சைக்கிளுக்கு எண்ணெய். சும்மா கிடக்கிற போத்தல் ஆரின்ர வீட்டில இருக்கு?"

எங்கள் சனம் ஒரு போத்தலையும் எறியாது என்று நம்பித்தான், இருந்த சேமிப்பையெல்லாம் இதில் போட்டேன். எறியாததாலேயே என் கடைக்குக் கொண்டுவர அவர்களிடம் போத்தல் இல்லை என்பது இன்றைக்குத்தான் விளங்கியது.

கானைக் கொடுத்தேன். "கடை பூட்ட வேண்டி வரும்போல அக்கா" என்றும் சொன்னேன்.

"ஐயோ தம்பி!" என்று உண்மையாகவே கவலைப்பட்டார். வாசலில் திரும்பி, "பூட்டேக்க முதல் எனக்குச் சொல்லுங்கோ. மற்றக் கானுகளும் வேணும்."

இதை வாசிக்கிறவர்களே, உங்கள் வீட்டில் சும்மா இருக்கிற போத்தல் ஒன்றாவது உண்டா? இருந்தால் வெள்ளிக்கு முன் கொண்டு வாருங்கள்.

கான் மட்டும் கேட்காதீர்கள். வரிசையில் அக்கா நிற்கிறார்.